ஞானஸ்நானமும் உத்தியோகமும்

மெய்யான கிறிஸ்தவ விசுவாசம் எது, வெறும் பெயர்ப்பதிவு எது? விடை காண யாழ்ப்பாணச் சரித்திரத்தைப் புரட்டினாலே போதும்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று பறைசாற்றினர். அரசாங்க உத்தியோகம் வேண்டுமா? புரட்டஸ்தாந்து ஞானஸ்நானம் பெறுக! முதுசொம் பிள்ளைகளைச் சேரவேண்டுமா? பள்ளிக்கூடத் தோம்பிலே பெயர் இருத்தல் வேண்டும். அத்தோம்பை எழுதியோர் நம்மைப் போன்ற உபாத்தியாயர்களே. பெயர்கள் பெருகின. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். காலப்போக்கிற் கட்டாயம் நீங்கியது. தோம்புக் கிறிஸ்தவர்கள் திரள் திரளாகத் தம் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினர்.

இவர்களைப் போலிகள் என்று பழித்தல் எளிது. நாம் அதற்கு உடன்படோம். பிள்ளையின் காணியுரிமையைக் காக்க ஓர் ஏழைக் குடியானவன் தலைகுனிந்தது பிழைப்பு, போலித்தனமன்று. ஒரு கையிற் கறுவாக் கணக்கும் மறு கையில் வேதப் புத்தகமும் ஏந்தி, ஞானஸ்நானத்தைச் சந்தைச் சரக்காக்கிய கம்பெனியே போலி.

அதே காலத்தில் வேறொரு கிறிஸ்தவமும் இம்மண்ணில் நடமாடியது. 1687இல் கோவாவிலிருந்து ஏழை வேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளார், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரிடையே மறைந்திருந்து தொண்டாற்றினார். அவர் பின்னாற் படையில்லை, கொடுப்பதற்கு உத்தியோகமுமில்லை. அவரை ஒளித்துவைத்த சாதாரண மக்கள் தம் உயிரையே பணயம் வைத்தனர். 1697இல் கண்டியிற் பெரியம்மை பரவி, உற்றாரே நோயாளரைக் கைவிட்டபோது, கொங்கணப் பிராமண குலத்திற் பிறந்த அவர், சாதியும் மதமும் கேளாது அவர்களுக்குப் பணிவிடை செய்தார். 1711இற் கண்டியிலேயே மறைந்தார்.

2015இற் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. நன்று. ஆனால், அவர் படத்துக்கு மாலையிடும் அதே கரம், மகளுக்கு மணம் பேசும்போது சாதியைத் துருவுகிறதே! ஞாயிறன்று ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்டவர்கள் திங்களன்று குலம் விசாரிக்கின்றனரே! இவர்களை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. எந்தக் கம்பெனியும் அச்சுறுத்தவில்லை. ஏழைக் குடியானவனுக்கு இருந்த நியாயம் இவர்களுக்கு இல்லை.

விசுவாசத்துக்கு உரைகல் ஒன்றே: அதன்பொருட்டு ஒருவன் எதை இழக்கத் துணிந்தான்?

இதை வாசித்துப் புன்னகைக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையிற் சமத்துவம் முழங்கி, வீட்டிலே குலமும் சீதனமும் பேசுவோர் நம்மிடையேயும் உளர். கட்சி அட்டையும் ஒருவகைத் தோம்பே. நாமும் அதே உரைகல்லில் உரசிப் பார்க்கப்பட வேண்டியவர்களே.