மேலே படிப்பதா? வேலைக்குப் போவதா?

திருப்பூர் வேலம்பாளையத்தில், பனியன் கம்பெனிச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் ஏராளம். மகனோ மகளோ கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியதும் எழும் பிரச்னை இது: உடனே வேலைக்குச் சேருவதா, இன்னும் இரண்டு வருஷம் படிப்பதா?

கணக்கு என்ன?

'கேட்' தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். சேருகிறவர்களுக்கு, ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் உபகாரச் சம்பளம் தருகிறது. 24 மாதத்துக்கு 2,97,600 ரூபாய். சாப்பாடு, விடுதிச் செலவு போக வீட்டுக்கு மிஞ்சுவது சொற்பமே. இரண்டு வருஷ உத்தியோகச் சம்பளமும் கைவிட்டுப் போகும்.

இந்த நஷ்டத்துக்கு ஈடு உண்டா? அது வேலையைப் பொறுத்தது. பொறியியல் கல்லூரி ஆசிரியராக முதுநிலைப் பட்டம் அவசியம். 'சிப்' வடிவமைப்பு, ஆராய்ச்சி ஆகியவற்றுக்கும் ஆழ்ந்த படிப்பு கை கொடுக்கும். சாதாரண மென்பொருள் வேலை அப்படி அல்ல. ஜோஹோ நிறுவனம் 2005 முதல் கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களுக்கும் பயிற்சி தந்து வேலைக்கு அமர்த்துகிறது. இத்தனைக்கும், அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் பெற்றவர்!

நடு வழி

வேலை பார்த்துக்கொண்டே படிக்கவும் வழி உண்டு. விப்ரோ நிறுவனம் பி.எஸ்ஸி., பி.சி.ஏ. பட்டதாரிகளைச் சேர்த்து, உதவித்தொகையும் தந்து, எம்.டெக். படிக்க வைக்கிறது. ஒப்பந்தத்தை முழுவதும் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு, 'எச்-1பி' விசாவில் ஆண்டுக்கு 20,000 தனி இடங்கள் உண்டு. அதை நம்பிக் கடன் வாங்கிப் போகிறவர்கள் பலர். இடம் நிச்சயமில்லை, கடன் நிச்சயம்!

வேலை கிடைக்கவில்லையே என்று மேலே படிக்கப் போகிறவர், இரண்டு வருஷம் கழித்து அதே 'கியூ'வில்தான் நிற்க நேரும். ஆர்டர் இல்லாமல் நூல் வாங்கிக் குவிக்கும் பனியன் முதலாளி உண்டா? படிப்புக்கும் அதே கணக்குத்தான். எந்த வேலைக்கு என்று முடிவு செய்துகொண்டு, பிறகு படிக்கலாம்.