மான்களுக்குத் தீனி குவித்தலும் மாட்டு மந்தையின் க்ஷேமமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒன்றாகிய மிச்சிகன் ராஜ்யத்தில், மான் வேட்டையாடுவோர் காட்டில் ஓரிடத்தில் காரட், மக்காச்சோளம், ஆப்பிள், சர்க்கரை எடுக்கும் பீட்டுக் கிழங்கு முதலியவற்றைக் குவித்து, அவற்றைத் தின்ன வரும் மான்களைச் சுடுவது நெடுநாளைய வழக்கம். இதைச் சட்டத்தால் தடுக்கலாமா, கூடாதா என்னும் விவாதம் அங்கே கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. மேல்நோக்கில் இது வேட்டைக்காரர் விவகாரமாகத் தோன்றினும், இதன் லாப நஷ்டம் மாடு வைத்திருக்கும் விவசாயியின் தொழுவம் வரையில் எட்டுவதாகும்.

1994-இல் அந்த ராஜ்யத்தின் வடகிழக்கிலுள்ள அல்பீனா ஜில்லாவில், வேட்டையில் வீழ்ந்த ஒரு மானிடம் மாட்டு க்ஷயரோகம் காணப்பட்டது. மறு ஆண்டு பரிசோதித்ததில், வியாதி மிகுந்த பகுதியில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 மான்கள் நோயுற்றிருந்தன. 1998-இல் அதே பகுதி மாட்டு மந்தையிலும் நோய் வெளிப்பட்டது. 1979 முதல் க்ஷயரோகமற்ற ராஜ்யம் என்று பெயர் பெற்றிருந்த மிச்சிகன், 2000-இல் அந்த அந்தஸ்தை இழந்தது. மாடுகளை விற்கவும் வேறிடம் கொண்டு செல்லவும் பரிசோதனையும் கட்டுப்பாடும் வந்தன. நோய் கண்ட மந்தைகள் பல அடியோடு அழிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக நல்ல இனம் தேர்ந்து வளர்த்த மந்தையை ஒரே நாளில் இழப்பவனுக்கு, நஷ்ட ஈடு கிடைத்தாலும் மனம் ஆறுவதில்லை.

தீனிக் குவியலுக்கும் இவ்வியாதிக்கும் உள்ள சம்பந்தம் எளிதில் விளங்கக் கூடியது. காட்டில் தானே மேயும் மான் இங்கொரு தழையும் அங்கொரு தளிருமாகத் தின்று நகர்கிறது. குவியலிலோ பல மான்கள் மூக்கோடு மூக்கு உரச நின்று, ஒன்றின் எச்சில் பட்டதை மற்றொன்று தின்கின்றன. குளிர்ந்த நிலையில் இக்கிருமி தீவனப் பொருள்களின்மீது வாரக் கணக்கில் உயிரோடிருக்கிறது. நோயுற்ற மான்கள் தின்று மீந்த தீவனத்தைக் கன்றுகளுக்கு இட்டுப் பார்த்த ஆராய்ச்சியில், மானைக் கண்ணாலும் காணாத அக்கன்றுகளுக்கும் நோய் தொற்றிற்று. அன்றியும், மாரிக்காலத்தில் லாரி லாரியாகத் தீனி கொட்டி வந்ததால், அந்நிலம் தாங்கக் கூடிய அளவுக்கு மேல் மான்கள் பெருகி ஓரிடத்திலேயே தங்கின.

இதனோடு மற்றொரு வியாதியும் சேர்ந்தது. 1967-இல் கொலராடோவில் முதன்முதல் கவனிக்கப்பட்ட மெலிவு நோய் அது. திரிந்த புரதப் பொருள் ஒன்றினால் உண்டாகும் இதற்கு மருந்தில்லை. நோயுற்ற மான் பிழைப்பதுமில்லை. எச்சில், மூத்திரம், சாணம் ஆகியவற்றின் மூலம் வெளிப்படும் அந்நச்சுப் பொருள் மண்ணில் பல ஆண்டுகள் அழியாதிருக்கிறது. 2015-இல் மிச்சிகனின் காட்டு மான்களிடையே இது காணப்பட்டது. 2019 தொடக்கத்தில் கீழ்த் தீபகற்பம் முழுவதிலும் தீனி குவித்தல் தடுக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் தடையை நீக்கச் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்கு, கவர்னர் கிரெட்சன் விட்மர் சம்மதம் தர மறுத்தார்.

தடையை எதிர்ப்போரின் வாதங்களைத் தள்ளிவிடலாகாது. வயது சென்றவரும், சொற்ப நிலமும் சொற்ப அவகாசமும் உடையவரும் தீனியின்றி மானைச் சுடுவது கடினம் என்கின்றனர். வேட்டை குறைந்தால் மான்கள் பெருகி வியாதியும் பெருகும் என்கின்றனர். சந்தைக்கு ஆகாத காரட்டையும் பீட்டுக் கிழங்கையும் வேட்டைக்காரருக்கு விற்றுவந்த குடியானவருக்கு அந்த வருமானம் போயிற்று. மானுக்கென்றே பயிரிட்ட வயலில் சுடுவதை அனுமதித்துவிட்டு, குவியலை மட்டும் குற்றமாக்குவது என்ன நியாயம் என்றும் வினவுகின்றனர்.

கடைசி வினாவுக்கு விடை உண்டு. பயிர் வயலில் மான்கள் பரந்து மேய்கின்றன. தின்ற செடிக்குப் பதிலாக மறுநாளே அதே இடத்தில் வேறொன்று வைக்கப்படுவதில்லை. குவியலிலோ தினமும் எச்சில்மேல் தீனி விழுகிறது. வேட்டை குறையும் என்னும் அச்சம் கவனிக்கத் தக்கதே. தீனித் தடையும் மான்களின் தொகைக் குறைப்பும் சேர்ந்து நடந்தபோதே, வடகிழக்குப் பகுதியில் க்ஷயரோகம் நூற்றுக்கு 2 என்னும் அளவை ஒட்டி இறங்கிற்று; இன்னும் அற்றுப் போகவில்லை. ஆகையால் தடை மட்டும் போதுமென்பது தவறு; தடையே வேண்டாமென்பது அதைவிடப் பெருந் தவறு.

ஆயினும் இத்தடையின் சுமையை வேட்டைக்காரனும் கிழங்கு விற்பவனும் சுமக்க, பயனை மாட்டுக்காரன் அடைகிறான். காட்டில் ஒரு கூடை காரட் வைத்தவனுக்கு அபராதம் விதிக்கும்படி கேட்கும் மாட்டுக்காரன், தன் வயலில் வைக்கோற்போரை வேலியின்றி விட்டு வைப்பானாகில், அப்போரும் ஒரு தீனிக் குவியலே. அங்கே வரும் மான் எச்சிலை விட்டுச் செல்வது அவனுடைய மாட்டின் வாய்க்கே. போரைச் சுற்றி உயர்ந்த வேலி அமைத்தல், தானியத்தை மூடிய கொட்டகையில் வைத்தல், தீவனத் தொட்டியைக் காட்டோரத்தில் வைக்காமல் வீட்டருகே வைத்தல் ஆகியவை அவனுடைய பங்கு. வேலிக்குச் சர்க்கார் உதவியும் அங்கே அளிக்கப்பட்டிருக்கிறது.

சட்டம் நிலைக்க வேண்டுமானால் அதற்கு உட்படுவோர் அதை நியாயமென்று ஒப்ப வேண்டும். காட்டின் ஒவ்வொரு மூலையிலும் காவலரை நிறுத்த எந்த சர்க்காராலும் இயலாது. மந்தைக்குச் சொந்தக்காரர் தம் வேலியை முதலில் அடைத்துவிட்டு, பிறகு அயலாரிடம் தடையை வேண்டுவாராகில், அவ்வேண்டுகோளை மறுப்பது எளிதன்று. காட்டு மிருகமும் வீட்டு மிருகமும் ஒரே இடத்தில் தின்னும்படி விடலாகாது என்னும் இப்பாடம், காட்டை அடுத்து மாடு வளர்க்கும் எந்நாட்டாருக்கும் பொருந்தும்.