ஐந்தாம் தரத்தோடு பசி நின்றுவிடுமா?



விடியற்காலையில் பிள்ளையைத் தட்டி எழுப்பி, கையில் ஒரு கோதுமை ரொட்டியையும் சாயத்தண்ணீரையும் கொடுத்துவிட்டு நாம் பெரட்டுக்கு ஓடுகிறோம். ரொட்டி சுட நேரமில்லாத நாளில் வெறும் சாயத்தண்ணீர்தான். அந்தப் பிள்ளை மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பாடசாலைக்குப் போய், முதலாம் பாடவேளையிலேயே மேசையில் தலையைச் சாய்க்கிறது. "பிள்ளைக்குப் படிப்பில் கவனம் இல்லை" என்று ஆசிரியர் சொல்கிறார். பிள்ளைக்குக் கவனம் இருக்கிறது, வயிற்றில்தான் ஒன்றுமில்லை.

2016ஆம் ஆண்டு அரசாங்கம் நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். பெருந்தோட்டத்தில் மட்டும் 100க்கு 32 பேர். இது நமது பரம்பரை உடல்வாகு என்று சிலர் சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். அது உண்மையல்ல. கர்ப்பிணித் தாய்க்குப் போதிய உணவும் ஓய்வும் இல்லாமல், பிறந்த பிள்ளைக்கு முட்டையும் பாலும் எட்டாமல் வந்த வினை இது. சிறு வயதில் இழந்த உயரத்தைப் பாடசாலை உணவு முழுவதுமாகத் திருப்பித் தராது. ஆனால் இரத்தச் சோகையைக் குறைக்கும், பிள்ளையை வகுப்பில் விழித்திருக்கச் செய்யும், பாடசாலையை விட்டு விலகாமல் பிடித்து வைக்கும்.

2024 முதல் அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் தரம் தொடக்கம் ஐந்தாம் தரம் வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு என்ற ஏற்பாடு வந்தது. அதை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் ஆறாம் தரத்துக்குப் போகும் பிள்ளைக்குப் பெரும்பாலான இடங்களில் உணவு நின்றுவிடுகிறது. பாடசாலை இன்னும் தூரமாகும் வயது அது. உடம்பு வேகமாக வளரும் வயதும் அதுவே. பெண் பிள்ளைகள் பருவமடைந்த பிறகு உடம்புக்கு இரும்புச்சத்து இன்னும் கூடுதலாகத் தேவை. தேவை கூடும் நேரத்தில் தட்டைப் பறித்தால், அந்தப் பிள்ளை அடுத்த சில வருடங்களில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ போவதைப் பார்த்து நாம் அழுவதில் பயனில்லை.

உணவு கொடுத்தால் மட்டும் போதாது, தட்டில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். சோற்றோடு பருப்பு, கீரை, ஒரு முட்டை அல்லது நெத்தலி இருக்க வேண்டும். கடலை, கௌப்பி, பயறு ஆகியவற்றையும் மாறி மாறிக் கொடுக்கலாம். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு ரூபா என்று ஒரு தடவை நிர்ணயித்துவிட்டு, சாமான் விலை ஏறும்போது பேசாமல் இருந்தால் முதலில் காணாமல் போவது முட்டை, அடுத்தது நெத்தலி. கடைசியில் மிஞ்சுவது சோறும் தண்ணீர்ப் பருப்பும்தான். சமைத்துக் கொடுப்பவர்களில் பலர் நமது தாய்மாரே. பணம் வர மாதக்கணக்கில் தாமதமானால் அவர்கள் கடைக்காரரிடம் கடன் சொல்லித்தான் அடுப்பை எரிக்கிறார்கள். அரசாங்கத் திட்டத்தை ஏழைப் பெண்ணின் கடனில் ஓட்டுவது நியாயமா?

எனவே நமது கோரிக்கைகள் இவை: உணவுத் திட்டத்தைத் தோட்டப் பகுதிப் பாடசாலைகளில் பதினோராம் தரம் வரை நீடிக்க வேண்டும். விலைவாசிக்கு ஏற்ப ஒதுக்கீட்டை உயர்த்த வேண்டும். சமைப்பவர்களுக்கு அந்தந்த மாதமே பணம் கொடுக்க வேண்டும். தண்ணீரும் சமையலறையும் இல்லாத பாடசாலைகளுக்கு அவற்றைக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு எத்தனை பேர் போகிறோம்? அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். உணவு கொடுக்கப்படாத நாட்களைத் திகதியோடு எழுதி வைத்துத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் பேசும்போது அந்தக் காகிதமே நமக்குப் பலம்.

வீட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் பறிக்கும் தேயிலையின் சாயம், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது. பிள்ளைக்குச் சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணீர் கொடுக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது கழியட்டும். கீரைக்கும் பருப்புக்கும் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடுங்கள், அல்லது ஒரு கொய்யாப்பழம் கொடுங்கள். சத்து நன்றாகச் சேரும்.

சங்கமும் தன் குறையை ஒத்துக்கொள்ள வேண்டும். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்வதற்குத் தொழிலாளர்கள் எத்தனை காலம் குரல் கொடுக்க வேண்டியிருந்தது என்பது நமக்குத் தெரியும். அதே குரலைப் பிள்ளைகளின் தட்டுக்காக நாம் எழுப்பியதில்லை. சம்பளமும் சாப்பாடும் வேறு வேறு பிரச்சினைகள் அல்ல. அரைப்பேர் விழுந்த மாதத்தில் முதலில் குறைவது பிள்ளையின் சாப்பாடுதானே?

இலவசக் கல்வி இந்த நாட்டுக்கு 1945இல் வந்தது. நமது தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருந்தோம். பசித்த பிள்ளைகளை இன்னொரு தலைமுறை காத்திருக்கச் சொல்ல முடியாது. பாடசாலைச் சாப்பாடு யாரும் போடும் பிச்சை அல்ல. நாம் பறிக்கும் கொழுந்தால் டொலர் சம்பாதிக்கும் நாட்டில், அது நமது பிள்ளைகளின் உரிமை.