நெடுந்தொலைவு ஓட்டம்

உடலுக்கு உரம் தருவது ஓட்டம். ஆயினும், 42.195 கிலோமீட்டர் தொலைவுடைய மாரத்தான் ஓட்டத்திற்கு விரைவினும் பொறுமையே பெரிதும் வேண்டும். அப்பொறுமை போட்டி நாளன்று திடீரெனப் பிறப்பதன்று. பல திங்கள் பயிற்சியால் விளைவது.

மனவலிமை ஒன்றே போதும் எனக் கருதுவோர் உளர். மனவலிமை வேண்டுவதே, ஆனால், உடலின் இயல்பறியாத துணிவு உயிர்க்கே கேடு சூழும். 1912-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. மாரத்தான் ஓட்டத்தன்று வெயில் கடுமையாக இருந்தது. போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ, வெயில் தாக்காதிருத்தற்பொருட்டு உடலெங்கும் மெழுகு பூசிக்கொண்டு ஓடினார் என்பர். வியர்வை ஆவியாகும்போதன்றோ உடல் குளிர்கிறது? அவ்வழியை அப்பூச்சு அடைத்துவிட்டது. நெடுந்தொலைவு ஓடியபின் அவர் மயங்கி வீழ்ந்தார். மறுநாள் உயிர் நீத்தார். அவரிடம் துணிவு குறையவில்லை. உடலைக் காக்கும் முறையே தவறியது.

ஆதலின், ஓட விரும்புவோர் முதற்கண் மருத்துவரிடம் உடல்நலத்தை ஆராய்ந்தறிதல் நன்று. ஓடும் தொலைவைச் சிறிது சிறிதாகவே கூட்டுதல் வேண்டும். மூச்சு விரைவில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் உறுதிபெற நாள் பல ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தொலைவை மிகுத்தால், கால் தாங்காது. கிழமைதோறும் ஓய்வுநாளும், நாள்தோறும் நல்லுறக்கமும் பயிற்சியின் பகுதிகளே. அவற்றைச் சோம்பல் என்று இகழ்தல் பேதைமை. வெப்பம் மிக்க நாட்டில் விடியற்பொழுதே ஓட்டத்திற்கு ஏற்றது. நீர் குறைந்தால் உடல் தளரும். அளவின்றிக் குடித்தாலோ குருதியிலுள்ள உப்பின் செறிவு குறைந்து தீங்கு நேரும். வேட்கைக்கு ஏற்பப் பருகுதலே முறை. போட்டி நாளன்று புதிய காலணியும் பழகாத உணவும் ஆகா.

வளரும் பருவத்தினர் மாரத்தானுக்கு விரைதல் வேண்டா. குறைந்த தொலைவில் தொடங்கி, ஆசிரியர் மேற்பார்வையில் ஆண்டுதோறும் முன்னேறுதலே தக்கது.

ஓடும்போது நெஞ்சில் வலியோ, தலைச்சுற்றலோ, மனக்குழப்பமோ தோன்றின் உடனே நின்று உதவி நாடுதல் வேண்டும். அவ்வாறு நிற்பது தோல்வியன்று. பாதியில் நின்றவன் மறு ஆண்டும் ஓடலாம். உடலை இழந்தவனுக்கு மறு ஓட்டம் ஏது? தன் உடலின் எல்லையை அறிந்து, அதனை நாளடைவில் விரித்துக்கொள்பவனே சிறந்த ஓட்டவீரன்.