பழுது கணினியிலா, நம் பழக்கத்திலா?



கிள்ளானில் நான் அறிந்த தமிழ்ப்பள்ளி ஒன்றின் கணினிக்கூடத்தில் ஏழு கணினிகளை மூலையில் அடுக்கி வைத்திருந்தார்கள். "எல்லாம் கெட்டுவிட்டன ஐயா, புதியவை வாங்கவேண்டும்" என்றார் பொறுப்பாசிரியர். பார்வையிட்ட கடைக்காரரும் அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் நன்கொடை திரட்ட ஆயத்தமாகிவிட்டது.

ஏழு கணினிகளும் ஒரே வாரத்தில் கெட்டுப்போகுமா? இந்தக் கேள்வியை அங்கு எவரும் கேட்கவில்லை!

விசாரித்தபின் உண்மை வெளிவந்தது. பள்ளி விடுமுறையில் ஒருவர் 'கணினியை வேகப்படுத்துகிறேன்' என்று சொல்லி ஏதோ நினைவக அமைப்பை மாற்றியிருக்கிறார். எதை மாற்றினார்? யாருக்கும் தெரியாது. ஒரு துண்டுத்தாளில்கூடக் குறித்து வைக்கவில்லை.

அவர் நிறுத்தியது விண்டோசின் 'விர்ச்சுவல் மெமரி', அதாவது மெய்நிகர் நினைவகம். ஆசிரியரின் மேசை சிறியது. நிறைந்துவிட்டால் சில ஏடுகளை அலமாரிக்கு மாற்றுகிறோம். கணினியும் அவ்வாறே, நினைவகத்தில் இடம் போதாதபோது சிலவற்றை வன்தட்டிலுள்ள ஒரு கோப்புக்கு மாற்றுகிறது. அலமாரியைப் பூட்டிவிட்டால்? 4 ஜிபி நினைவகம் மட்டுமே கொண்ட கணினியில் உலாவியும் பாடமென்பொருளும் ஒன்றாகத் திறந்தவுடன் இடம் தீர்ந்து, நிரல்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. இன்னொரு கேடும் உண்டு. அந்தக் கோப்பு இல்லையேல், நீலத்திரை தோன்றும்போது விண்டோஸ் எழுதி வைக்கும் காரணப் பதிவும் பொதுவாகக் கிடைக்காது. நோயை வரவழைத்ததோடு நோய்க்குறிப்பையும் கிழித்துப் போட்டோம்!

அந்த அமைப்பைத் தானியங்கி நிலைக்கே திருப்பினோம். ஆறு கணினிகள் அன்றே சீராயின. ஏழாவதில் மட்டும் நினைவகத் தகடு உண்மையிலேயே பழுதாகியிருந்தது. அதை மட்டும் மாற்றினோம்.

"கற்பிப்பதுதான் எங்கள் வேலை, கணினியைப் பழுதுபார்ப்பது அன்று" என்று சிலர் சினக்கக்கூடும். ஐயா, தாய்ப்பலகையைப் பற்றவைக்கும்படி யாரும் உங்களைக் கேட்கவில்லை. மாற்றியதை எழுதி வையுங்கள், மாற்றியதைத் திருப்புங்கள் என்றுதான் கேட்கிறேன். பிழைதிருத்தம் எழுது என்று மாணவனிடம் நாள்தோறும் சொல்லும் நமக்கு இது இயலாதா? முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கிய நாடு இது. அந்த நாட்டுத் தமிழாசிரியர் ஓர் அமைப்புப் பக்கத்தைத் திறக்க அஞ்சலாமா?

நினைவக அமைப்பை மாற்றியபின் கணினி முடங்கினால், இந்த வரிசையில் பாருங்கள்:

1. கடைசியாக மாற்றியதை முதலில் பழைய நிலைக்குத் திருப்புங்கள். விண்டோஸ் சரியாகத் தொடங்கவில்லையெனில் 'சேஃப் மோட்' வழியாக நுழைந்து பாருங்கள்.

2. மாற்றம் பயாசில் செய்யப்பட்டதா? நினைவகத்தின் வேகத்தைக் கூட்டினால் எல்லாத் தகடுகளும் தாங்கா. வெவ்வேறு வகைத் தகடுகளைக் கலந்து பொருத்திய கணினிகள் எளிதில் தடுமாறும். பயாசில் 'டிஃபால்ட்' அமைப்பை ஏற்றுங்கள். திரையே வரவில்லையெனில், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலத்தைச் சில நிமிடம் கழற்றி மீண்டும் பொருத்துங்கள். பெரும்பாலான மேசைக்கணினிகளில் இது பலிக்கும்.

3. அதன்பிறகும் முடங்கினால் மட்டுமே தகட்டைச் சந்தேகியுங்கள். விண்டோசிலேயே நினைவகச் சோதனைக் கருவி இருக்கிறது. 'மெம்டெஸ்ட்86' என்பதையும் பயன்படுத்தலாம். பிழை காட்டினால் தகடுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதியுங்கள்.

இந்த வரிசை முக்கியம். தவறான வேகத்தை வைத்துக்கொண்டே சோதித்தால் நல்ல தகடும் பிழை காட்டும். அது குப்பைக்குப் போகும்.

பெற்றோர்களே, பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உங்கள் பிள்ளையின் பள்ளி புதிய கணினிக்கு நன்கொடை கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால், கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கடைசியாக எதை மாற்றினார்கள்? அதைத் திருப்பிப் பார்த்தார்களா? எந்த உறுப்பு பழுது என்று சோதித்தார்களா? தரவு மையங்களின் தேவையால் 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறியதையும் நினைவில் வையுங்கள். வீணாகும் ஒவ்வொரு வெள்ளியும் நூலகத்திற்குப் போகவேண்டிய வெள்ளி.

ஒவ்வொரு கணினிக்கூடத்திலும் ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிடுங்கள். நாள், மாற்றியவர், மாற்றியது, முன்பிருந்த நிலை என நான்கு கட்டங்கள் போதும். பத்து வெள்ளிகூடப் பெறாத அந்த ஏடு இருந்திருந்தால், அந்த ஆறு கணினிகள் ஒரு நாள்கூட மூலையில் கிடந்திருக்கமாட்டா.

சிந்திப்போம்! நாளையே அந்த ஏட்டை வாங்குவோம்!