சத்தம் கூடினால் பாட்டு சிறக்குமா?



மார்கழி ஆருத்ராவையொட்டி நம் பிள்ளைகள் மங்களநாதர் மீதும் மரகத நடராஜர் மீதும் பாட்டு எழுதிப் பதிவு செய்து வெளியிடுகிறார்கள். பெருமையாக இருக்கிறது. ஆனால் எனக்கு வரும் பாட்டுகள் பலவற்றில் ஒரே குறை: இரைச்சல். குரலும் தவிலும் கீபோர்டும் ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன.

குறை பாடியவரிடம் இல்லை. மிக்ஸிங் முடித்து மாஸ்டரிங் செய்பவரிடம் கொடுக்கும் இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

தேர்வுத்தாளில் ஓரம் விடுங்கள் என்று சொல்வேனே, நினைவிருக்கிறதா? திருத்துபவருக்கு இடம் வேண்டும். இதுவும் அப்படித்தான். டிஜிட்டல் ஒலியின் உச்சவரம்பு 0 டெசிபல். உங்கள் மிக்ஸின் உச்சம் மைனஸ் 6 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். வரம்பை முட்டினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டதைப் பழையபடி முழுதாக மீட்க முடியாது. சத்தத்தைக் கூட்டுவதற்காகக் கடைசியில் போடும் லிமிட்டரைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள்.

எம்பி3 வேண்டாம். 24 பிட் வேவ் கோப்பாக, பதிவு செய்த அதே சாம்பிள் ரேட்டில் கொடுங்கள். பாட்டின் முன்னும் பின்னும் ஓரிரு வினாடி விடுங்கள். கடைசித் தாளத்தின் ரீங்காரம் அடங்கும் முன் வெட்டாதீர்கள். ஒருமுறை மோனோவில் போட்டுக் கேளுங்கள். கோயில் குழாய் ஒலிபெருக்கியில் அப்படித்தான் கேட்கும். ஸ்டீரியோவில் இருந்த குரல் அங்கே காணாமல் போகலாம்.

"சார், சத்தமாக இருந்தால்தானே எடுபடும்?" என்பீர்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் அளவுக்குச் சமப்படுத்துகிறது. யூடியூபும் அதிகச் சத்தத்தைக் குறைத்துவிடுகிறது. நசுக்கிய பாட்டின் சத்தம் குறைந்துவிடும். நசுங்கியது மட்டும் அப்படியே மிஞ்சும்.

2002-ல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' கதை நம் ராமேசுவரத்தையும் தொட்டுச் செல்லும். அதன் ஒலிப்பதிவுக்காக ஏ.எஸ். லட்சுமிநாராயணன், எச். ஸ்ரீதர் இருவருக்கும் தேசிய விருது கிடைத்தது. ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். மெல்லிய இடம் மெல்லியதாக இருப்பதால்தான் வெடிச் சத்தம் நெஞ்சில் அறைகிறது.

ஒலி அதிர்வு மரகதத்துக்கு ஆகாது, அதனால்தான் நம் நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருக்கிறார் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அவரைப் பாடும் பாட்டு காதைக் கிழிக்கலாமா?

வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த காசைப் போட்டுப் பாட்டு எடுக்கிறீர்கள். ஊரின் மூத்த பெண்கள் பாடும் கும்மியையும் சிலர் பதிவு செய்கிறீர்கள். அந்தக் குரல்கள் நாளைக்குக் கிடைக்காது. அவை தெளிவாக நிற்க வேண்டும் என்பதே என் ஆசை. ஒலித்துறையில் இருக்கும் மாணவர்கள் கீழே விளக்கம் சேர்த்தால் தம்பி தங்கைகளுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
உத்தரகோசமங்கை