எழுத்து விளையாட்டை நிறுத்தச் சொன்னார்கள்!
நியூயார்க் வேலைநிறுத்தத்தில் ஒரு விசித்திர வேண்டுகோள்

2024-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி. அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தலுக்கு முந்திய நாள்.

அன்று "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் 600-க்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தத்தில் குதித்தார்கள். தகுந்த காரணம் இன்றி யாரையும் வேலையை விட்டு நீக்கக்கூடாது, சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்பவை அவர்களுடைய கோரிக்கைகளில் முக்கியமானவை.

அவர்கள் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். போராட்டம் முடிகிற வரையில் பத்திரிகையின் எழுத்து விளையாட்டுகளை ஆட வேண்டாம். சமையல் குறிப்புப் பகுதியையும் திறக்க வேண்டாம் என்பதே அந்த வேண்டுகோள்!

ஜனாதிபதி தேர்தல் நேரம். உலகமே செய்தியை எதிர்பார்த்துக் கிடக்கிறது. செய்தியை விட்டுவிட்டு, விளையாட்டை நிறுத்தச் சொல்வானேன்?

காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள, முதலில் அந்த விளையாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சமையலறைக்குள் கோழி!

"ஸ்பெல்லிங் பீ" என்பது அந்த விளையாட்டுகளில் ஒன்று. தேன்கூட்டின் அறைகளைப் போல ஏழு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து. அந்த ஏழு எழுத்துகளை மட்டும் வைத்து வார்த்தைகள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே எழுத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். ஆனால், நடுக்கட்டத்து எழுத்து எல்லா வார்த்தையிலும் இருந்தே ஆகவேண்டும். நான்கு எழுத்துக்குக் குறைந்தால் செல்லாது.

ஓர் உதாரணம் பாருங்கள். கே, ஐ, டி, சி, எச், ஈ, என் ஆகிய ஏழு எழுத்துகள் இருக்கின்றன. நடுவில் "என்".

"இன்ச்" என்று எழுதலாம். நான்கு எழுத்து, 1 மார்க். அதையே கலைத்துப் போட்டால் "சின்". அதாவது முகவாய்க்கட்டை. அதற்கும் 1 மார்க்.

"சிக்கன்" என்றால் ஏழு எழுத்து வார்த்தை, 7 மார்க். ஆனால் "டி" வரவில்லையே! ஏழு எழுத்தும் வந்தால் அல்லவா கூடுதலாக 7 மார்க் கிடைக்கும்?

அதற்குத்தான் "கிச்சன்" இருக்கிறது. ஏழும் வந்துவிட்டன, 14 மார்க். அதே எழுத்துகளை இடம் மாற்றினால் "திக்கன்", அதாவது குழம்பைக் கெட்டியாக்குவது! அதற்கும் 14.

இதோடு முடிந்ததா? இல்லை. சின்னஞ்சிறு சமையலறைக்கு ஆங்கிலத்தில் "கிச்சனெட்" என்று பெயர். எழுத்துக் கூட்டினால் 11 எழுத்து. எல்லாம் இந்த ஏழுக்குள்ளேயே அடக்கம். 18 மார்க்!

நீளமான வார்த்தையைத் தேடி ஆட்கள் ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்பது இப்போது புரிகிறது அல்லவா? இந்த விளையாட்டில் வழக்கமாக "எஸ்" எழுத்தை வைப்பதில்லை. வைத்தால், ஒருமைக்குப் பின்னால் "எஸ்" போட்டுப் பன்மையாக்கியே எல்லோரும் மார்க்கை அள்ளிவிடுவார்கள்.

கம்ப்யூட்டரிடம் ஏழு எழுத்தைக் கொடுத்தால் கண் இமைப்பதற்குள் எல்லா வார்த்தைகளையும் கொட்டிவிடும். ஆனாலும் மனிதர்கள் தாங்களே தேடுகிறார்கள். "கிச்சனெட்" நமக்குத் தெரியாத வார்த்தை அல்ல. தெரிந்த வார்த்தைதான் கண்ணுக்கு எதிரே ஒளிந்திருக்கிறது. அதைப் பிடிப்பதில்தான் ருசி!

அன்று பைத்தியம், இன்று பணம்

இதில் ஒரு வேடிக்கை உண்டு.

உலகின் முதல் குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பர் 21-ந் தேதி "நியூயார்க் வேர்ல்டு" பத்திரிகையில் வந்தது. அமைத்தவர் ஆர்தர் வின். பத்துப் பதினோரு ஆண்டுகளில் அது அமெரிக்கா முழுவதையும் பிடித்து ஆட்டியது. அப்போது, 1924-ல், இதே நியூயார்க் டைம்ஸ் அதைக் கரித்துக் கொட்டியது. கட்டத்துக்குப் பொருந்தும் வார்த்தைகளைத் தேடுவது வெட்டிவேலை, ஒருவகைப் பைத்தியம் என்ற தோரணையில் எழுதியது.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. யுத்தச் செய்திகளால் மனம் சோர்ந்த வாசகர்களுக்கு ஒரு மாற்று தேவைப்பட்டது. 1942 பிப்ரவரியில் அந்தப் பத்திரிகையே குறுக்கெழுத்துப் புதிரை வெளியிடத் தொடங்கியது!

"ஸ்பெல்லிங் பீ" 2018-ல் இணையதளத்துக்கு வந்தது. அதை முழுதாக ஆடச் சந்தா கட்ட வேண்டும். "வேர்டில்" என்ற ஐந்தெழுத்து விளையாட்டை ஜோஷ் வார்டில் என்பவர் தம் துணைவிக்காக உருவாக்கினார். 2022 ஜனவரியில் பத்து லட்சம் டாலருக்குக் குறையாத விலை கொடுத்து அதையும் பத்திரிகை வாங்கிக்கொண்டது. 2023-ல் மட்டும் அதன் புதிர்கள் 800 கோடி தடவைக்கு மேல் ஆடப்பட்டன.

கணக்கு எளிது. பெரிய செய்தி தினமும் நடக்காது. புதிரோ தினமும் வரும். விளையாட வருகிறவர் மறுநாளும் வருவார், சந்தாவையும் விடமாட்டார். எத்தனை நாள் விடாமல் ஆடினோம் என்ற எண்ணிக்கையை வேறு "வேர்டில்" காட்டுகிறது. அந்தச் சங்கிலி அறுந்தால் பலருக்கு மனசு ஆறாது.

ஆகவே, அடித்தால் அந்த இடத்தில்தான் அடிக்க வேண்டும் என்று தொழிலாளர்கள் கணக்குப் போட்டார்கள். முன்பும் இப்படி நடந்தது. 2022 டிசம்பர் 8-ந் தேதி அங்கே 1,100-க்கும் மேற்பட்டவர்கள் 24 மணி நேர வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றும் "வேர்டில்" ஆட வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். என் அபிப்பிராயத்தில் இது கெட்டிக்கார யோசனை. செய்தியைப் படிக்காதே என்றால் தேர்தல் சமயத்தில் யார் கேட்பார்?

விளையாட்டுக்குப் பழகியவர்கள் தவித்துப்போகக்கூடாது அல்லவா? 2024-ல் வேலைநிறுத்தக்காரர்கள் தாங்களே சில புதிர் விளையாட்டுகளைத் தயாரித்து இணையதளத்தில் விட்டார்கள்!

ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார்கள். அப்போது ஒப்பந்தம் ஆகவில்லை. பேச்சு தொடர்ந்து நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டது.